ஒன்பது முழம்

பதினாறு வருஷம் தைல மரக் காட்டில் பட்டை உரித்த அரியநாச்சிக்கு முப்பத்து நாலு வயசு நடக்கையில், ஐப்பசி மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், மேலில் இருந்த தைல வாசம் போகாமல் நின்றுவிட்டது. வாசம் அதற்கு முன்னாலும் இருந்ததுதான், காட்டு வேலைக்குப் போகிற எல்லோர் மேலும் இருந்தது, குளித்தால் போய்விடும். அன்றைக்கு அவள் சீயக்காய் தேய்த்து மூன்று தடவை குளித்தும் போகவில்லை. குளித்த தண்ணீர் ஓடி எங்கெங்கே தேங்கியதோ அங்கெல்லாம் மறுநாள் அருகம்புல் வாடியது, அதற்கு மறுநாள் வாசலோரத்துக் கனகாம்பரம் தலையைத் தொங்கப்போட்டது, வெள்ளிக்கிழமைக்குள் கொல்லைப்பக்கத்து அவரைக்கொடி பந்தலோடு காய்ந்தது, சனிக்கிழமை காலையில் முருங்கை மரம் இருந்த இலையையெல்லாம் ஒரே வீச்சில் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. உதிர்ந்த இலைமேல் நின்றுகொண்டு அரியநாச்சி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். மழைக்கு அப்புறம் காட்டுக்குள் முதல் ஆளாக நுழைகிறபோது மூக்கில் ஏறுமே, அதே வாசம்.

குருந்தன்விடுதிக்கு இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் தைல மரக் காடு, அதன் அடியில் புல்லோ பூண்டோ ஒன்றும் முளைக்காது என்பது ஆடு மேய்க்கிறவர்களிலிருந்து எல்லோருக்கும் தெரியும், அப்படியிருக்க அந்த மரத்தோடேயே கிடந்த ஒரு பொம்பளையின் காலடியிலும் முளைக்காமல் போனதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீரைக்காரி சிட்டம்மா மட்டும், தெருவில் கூடையை இறக்குமுன், "நாச்சி, கொஞ்சம் காத்துக்குக் கீழ்ப்பக்கமா நின்னுக்கம்மா, தண்டுக்கீரை இப்பத்தான் புடுங்கினது" என்றாள். அரியநாச்சி நகர்ந்து நின்றாள். அதற்கப்புறம் சிட்டம்மா சொல்லாமலே நகர்ந்து நிற்கப் பழகினாள்.

முதலில் அவளைத் தேடி வந்தவர் பெரியதம்பி. அவருடைய ரெண்டு ஏக்கர் கொல்லையில் கோரை மண்டிக் கிடந்தது. உழுதால் ஒன்று பத்தாகும், மருந்தடித்தால் பத்து நாள் செத்ததுபோல் கிடந்து பதினோராம் நாள் எழுந்து நிற்கும், கிழங்கைத் தோண்டி எடுத்து எரித்தாலும் எரிக்காத ஒரு கிழங்கு எங்கேயாவது ஒளிந்திருக்கும். அவர் தெருவிலேயே நின்றுகொண்டு, கூப்பிட வந்ததற்கு வெட்கப்பட்டவரைப்போலப் பேசினார்.

"கடலை புடுங்கியாச்சு நாச்சி. நெலம் சும்மாத்தான் கெடக்கு. செருப்பில்லாம ஒரு நடை நடந்துட்டு வாயேன்."

"எல்லாமே பட்டுப்போச்சுன்னா அண்ணே?"

"போனாப் போவுது. கோரை போவுதான்னு பாப்போம்."

அவள் வெயில் ஏறினதிலிருந்து சாய்கிறவரை, உழவு சால்மேல் நடப்பதுபோல வரிவரியாக நடந்தாள். பத்தாம் நாள் கோரை மஞ்சளாகி, பதினைந்தாம் நாள் கிழங்கோடு அழுகிப்போனது. அடுத்துப் போட்ட உளுந்தும் முளைக்கவில்லைதான், ஆனால் ரெண்டு மழை கண்டு நாற்பது நாள் ஆனபிறகு அந்த மண் முன்னைவிட நன்றாக விளைந்தது. ஊர் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. அறுவடை முடிந்த கொல்லையெல்லாம் அவளுக்காகக் காத்திருந்தது. பள்ளிக்கூட மைதானத்துக் குப்பைமேனி, சுடுகாட்டுப் பாதையின் நெருஞ்சி, குளத்தங்கரைப் பார்த்தீனியம் எல்லாம் அவள் நடந்து போனவை. சிவன் கோயில் கோபுரத்து இடுக்கில் வேர்விட்டிருந்த அரசங்கன்றுக்கு, அவள் குளித்த தண்ணீரைச் செம்பில் வாங்கிக்கொண்டுபோய் மேலேறி ஊற்றினார்கள். கூலியாக நெல்லும் கடலையும் துணியும் வந்தன. அவள் அதற்குமேல் காட்டுக்குப் போகவில்லை.

எவ்வளவு தூரத்துக்கு அவள் காற்று எட்டும் என்று ஒரு கேள்வி வந்தபோது அதையும் பெரியதம்பிதான் தீர்த்துவைத்தார். அரியநாச்சியின் வாசற்படியில் ஆரம்பித்து, முழத்துக்கு ஒரு கடலைப் பருப்பாக, நேர்கோட்டில் இருபது பருப்பு ஊன்றினார். தெருவே நாள்தோறும் வந்து குனிந்து பார்த்தது. எட்டாம் நாள், வாசலிலிருந்து ஒன்பதாவது முழத்துக்கு அப்பால் ஊன்றியதெல்லாம் மண்ணைத் தள்ளிக்கொண்டு தலைகாட்டியது, இந்தப்பக்கம் இருந்தது ஒன்றும் வரவில்லை. ஒன்பது முழம் என்று முடிவானது. ரேஷன் கடை வரிசையில் ஒன்பது முழம், குழாயடியில் ஒன்பது முழம். விதைப்புக் காலத்தில் அவள் வரப்பில் இறங்காமல் தார் ரோட்டின் நடுவே மட்டும் நடந்தாள். பஸ்ஸில் யாராவது நாற்றுக்கட்டோடு இருந்தால் கண்டக்டர் அவளிடம், "அடுத்த வண்டியில வாங்கக்கா, அரைமணி நேரந்தான்" என்பார், அவளும் இறங்கிக்கொள்வாள்.

முளைப்பாரி சமயத்தில் மட்டும் ஒன்பது முழம் போதாது என்று ஊர் நினைத்தது. பன்னிரண்டு வயசிலிருந்து அரியநாச்சி முளைப்பாரி எடுத்தவள், கும்மிப்பாட்டின் முதல் அடியை எடுத்துக்கொடுக்கிறவள். இப்போது முத்துப் போட்டு விதைக்கிற நாளிலிருந்து முளைத்ததைக் குளத்தில் கரைக்கிற நாள்வரை பத்து நாளும் அவள் ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளைக் கொட்டகையில் இருந்தாள். சோற்றைக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு, "நாச்சி, மீன் கொழம்பு, சூட்டோட சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் கும்மிச் சத்தம் வரும். பாட்டெடுக்கிறவள் மூன்றாவது அடியை விட்டுவிட்டு நாலாவது அடிக்குத் தாவுவாள். அரியநாச்சி சூளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்றாவது அடியைத் தனக்குள் பாடி முடித்துக்கொள்வாள்.

ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் சண்டை போடவாவது பக்கத்தில் வந்திருப்பார்கள்.

அவளுக்கு ஒரு மகள். பெயர் சிவரஞ்சனி. தகப்பன், வெட்டின மரம் தவறிச் சாய்ந்ததில், அவளுக்கு மூன்று வயசாக இருக்கையிலேயே போய்விட்டான். வாசம் போகாமல் நின்றுவிட்ட அந்த ஐப்பசியில் ரஞ்சனிக்குப் பத்து வயசு. ஒன்பது முழக் கணக்கில் அவளை யாரும் சேர்க்கவில்லை. அரியநாச்சியும் சேர்க்கவில்லை. மகள் அவள்மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள், அவள் தட்டில்தான் தின்றாள், தைல வாசம் பிடித்திருக்கிறது என்று அவள் முந்தானையை முகத்தில் மூடிக்கொண்டு பாடம் படித்தாள். பிள்ளை செடியில்லையே என்றுதான் எல்லோரும் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஜூன் மாதம் உயரம் அளப்பார்கள். ஒரு ஜூனில் ரஞ்சனி நூற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர். அடுத்த ஜூனிலும் நூற்று இருபத்தெட்டு. அதற்கடுத்த ஜூனில், அளவுகோல் பலகையில் அவளை நிறுத்திவைத்து, வளர்மதி டீச்சர் மூன்று தடவை அளந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

"யூனிபாரம் பத்தாம போகலையா நாச்சி?"

"இல்ல டீச்சர். புள்ளை பத்திரமா வச்சுக்கிறா."

டீச்சர் ரஞ்சனியின் கையைப் பிடித்துப் பார்த்தார். "நகம் கடைசியா எப்ப வெட்டினே?"

ரஞ்சனிக்கு ஞாபகம் இல்லை.

அந்த மாதமே, ஊரில் ஒரு பொம்பளை நடந்தால் கோரை சாகிறது என்று கேள்விப்பட்டு, விவசாய ஆபீசிலிருந்து ஒரு இளம் அதிகாரி மண் எடுக்க வந்தார். அரியநாச்சியின் வாசலில் ஒரு பிடி, கொல்லையில் ஒரு பிடி என்று பாலிதீன் பையில் போட்டுக்கொண்டார். மரியாதையான பிள்ளை, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். சில மரங்கள் பக்கத்தில் வேறெதுவும் தலையெடுத்துவிடாமல், இலை வழியாகவும் வேர் வழியாகவும் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும் என்றும், மழை அதைக் கரைத்து மண்ணில் இறக்கும் என்றும், விதை அதைக் குடித்துவிட்டு முளைக்காமலே கிடக்கும் என்றும், இது மரத்துக்கு யார்மேலும் கோபம் என்று அர்த்தமில்லை, தண்ணீருக்கும் இடத்துக்குமான பாடு என்றும் சொன்னார்.

"அது மத்த செடியத்தானே சார் பண்ணும்?" என்று கேட்டாள் அரியநாச்சி.

"எல்லாத்தையுந்தான்மா. சில மரம் தன்னோட சொந்த விதையக்கூட அடியில வளர விடாது. காத்துல அடிச்சிட்டுப் போயி தள்ளி விழுந்த விதைதான் பொழைக்கும்." பையின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு, பஸ் சத்தம் கேட்டதும் அவர் ரோட்டுக்கு ஓடினார்.

அரியநாச்சி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே மகள் சத்தம்போட்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

காலாண்டு லீவுக்கு அவள் ரஞ்சனியை அறந்தாங்கியில் இருக்கிற தன் அண்ணன் உடையப்பன் வீட்டுக்கு அனுப்பினாள். அவருக்கு அங்கே சைக்கிள் கடை. பத்து நாளில் திரும்பி வந்த பிள்ளை வாசலிலிருந்தே கூப்பிட்டது. "அம்மா, பாவாடை மேல ஏறிப்போச்சு. அத்தை மடிப்பைப் பிரிச்சுவிட்டும் பத்தல." கணுக்காலுக்கு மேலே மூன்று விரற்கடை தெரிந்தது. ரஞ்சனி சிரித்துக்கொண்டு நின்றாள். அடைத்துவைத்த ரெண்டு வருஷத்தையும் பத்து நாளில் வளர்ந்து தீர்த்துவிடுகிற அவசரம் அந்தப் பிள்ளையின் எலும்புக்குள் இருந்ததை, அவள் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னபோது அரியநாச்சி தெரிந்துகொண்டாள்.

"நீ மாமா வீட்டுலயே இருந்து படி" என்றாள்.

"ஏன்?"

"இங்க இருந்தா வளர மாட்டே."

"எனக்கு வளர வேணாம்" என்றாள் ரஞ்சனி. "குட்டையா இருந்தா என்ன? சாமிக்கண்ணு தாத்தா குட்டையாத்தானே இருக்காரு. நான் இங்கதான் இருப்பேன்."

அரியநாச்சி அதற்கப்புறம் மூன்று நாள் மகளோடு பேசவில்லை. தட்டைத் தனியாக வைத்தாள். மகளின் பாயை வாசலுக்கு அந்தப்பக்கம், பெரியதம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் விரித்தாள். பிள்ளை கிட்டே வரவர இவள் விலகிப் போனாள், அடுப்படிக்கு வந்தால் கொல்லைக்கு, கொல்லைக்கு வந்தால் ரோட்டுக்கு. மூன்றாம் நாள் உடையப்பன் சைக்கிளோடு வந்தபோது, ரஞ்சனி தூணைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அரியநாச்சி ரோட்டில் நின்றபடி, "நீ இருந்தா எனக்கு வேலை ஓடல. உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, போ" என்றாள். ரஞ்சனி தூணை விட்டாள். சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது என்று அரியநாச்சிக்குப் பல வருஷம் தெரியவில்லை.

அன்றையிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் ரஞ்சனியைக் கூட்டிவந்தார். ரோட்டுக்கு அந்தப்பக்கம், பெரியதம்பியின் கிணற்று மேட்டில் ரஞ்சனி நிற்பாள், இந்தப்பக்கம் வாசலில் அரியநாச்சி நிற்பாள். நடுவே பஸ்ஸும் மாட்டுவண்டியும் போகும். முதல் நாலு மாதம் ரஞ்சனி ஒன்றும் பேசவில்லை, கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். ஐந்தாம் மாதம் கணக்கில் எண்பத்தேழு மார்க் என்றாள், கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. அதற்கப்புறம் அம்மாவும் மகளும் ரகசியம் என்று ஒன்று பேசினதில்லை. ரஞ்சனியின் மார்க், அத்தை கோசலை திட்டினது, கூடப் படிக்கிறவள் பேனாவைத் திருடினது, வயிற்றுவலி, எல்லாம் தெருவுக்கே தெரியும். அரியநாச்சி ஒரு கேள்வி கேட்க மறந்தால் சிட்டம்மா தன் வீட்டிலிருந்தே, "பரீட்சை என்னாச்சுன்னு கேளு நாச்சி" என்பாள்.

பிள்ளை பெரியவளானபோது அறந்தாங்கியில் தண்ணீர் ஊற்றினார்கள். மண்டபத்து வாசலில் வாழை கட்டியிருந்ததால் அரியநாச்சி எதிர்ச்சாரியில் செருப்புக் கடை ஓரமாக நின்றாள். பட்டுப்பாவாடையில் மகளை வெளியே கூட்டிவந்து காட்டினார்கள். இவளைவிட உயர்ந்துவிட்டாள் என்று தூரத்திலேயே தெரிந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவளுக்கு வளர்த்தி நன்றாகத்தான் தெரியும். மகளின் தலை எப்படி மணக்கும் என்பதுதான் மறந்துபோயிற்று.

அப்படியே பத்து வருஷம் போனது. ரஞ்சனி புதுக்கோட்டையில் ரத்தம் பரிசோதிக்கிற படிப்புப் படித்து அங்கேயே ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு சித்திரை மாதக் காலையில், ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல், மாமாவும் இல்லாமல் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கிணற்று மேட்டுக்குப் போகாமல் ரோட்டைக் கடந்து நேராக வாசலுக்கு வந்தாள். அரியநாச்சி பின்னால் போனாள், போகப்போக அவளும் வந்தாள், வீட்டுக்குள் நுழைந்து அடுப்படிச் சுவரில் முதுகு முட்டியதும் அரியநாச்சிக்குப் போக இடமில்லை.

"கிட்ட வராதடி."

"எனக்கு வளர்றது முடிஞ்சு போச்சும்மா" என்றாள் ரஞ்சனி. "மூணு வருஷமா ஒரே உயரந்தான். வளர்மதி டீச்சர் வீட்டுக்குப் போயி அளந்துட்டுத்தான் வர்றேன். இனிமே நீ என்னை என்ன பண்ணிடுவே?"

சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டாள். அரியநாச்சிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ரெண்டு கையையும் காற்றிலேயே வைத்திருந்தாள். மகளின் தோளுக்குத்தான் அவள் முகம் எட்டியது.

"அன்னைக்கு அப்படிச் சொன்னேன்ல" என்றாள், தோளுக்குள்ளேயே.

"அதெல்லாம் அப்பவே தெரியும். எட்டாவது படிக்கிறவளுக்கு அதுகூடவா தெரியாது? கோவமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

அந்தத் தடவை ஒரு வாரம் இருந்தாள். அரியநாச்சி முதல் ரெண்டு நாள் எல்லாக் குழம்பிலும் உப்பை ரெண்டு தடவை போட்டாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடும்போது பேச்சுச் சத்தத்தை எவ்வளவு குறைப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை, "மோர் ஊத்தவா" என்பதைக்கூடக் கிணற்று மேட்டுக்குச் சொல்வதுபோலக் கத்தினாள். ரஞ்சனி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அந்த ஏழு நாளும் நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, முழங்கையில் இருந்த சிராய்ப்பு அப்படியே ஆறாமல் இருந்தது. "நகவெட்டி மிச்சம்" என்றாள்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் வந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வாள், இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். தெருவுக்கு இது பெரிய குறையாக இருந்தது. "இப்பல்லாம் அம்மாளும் மகளும் என்ன பேசுறாளுகன்னே தெரிய மாட்டேங்குது" என்று சிட்டம்மா பெரியதம்பியிடம் சொன்னாள். கூட வேலை பார்க்கிற வீரமணியை ரஞ்சனி கட்டிக்கொள்ளப்போகிறாள் என்பதே தெருவுக்கு நாள் குறித்த பிறகுதான் தெரிந்தது. பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட கல்யாணம். முளைப்பாலிகை, வாழை, தோரணம் ஒன்றும் இல்லை, மாலைகூட ஜிகினாக் காகிதத்தில் செய்தது, எல்லாம் ரஞ்சனியின் ஏற்பாடு. அதனால் அரியநாச்சி மகளுக்குப் பக்கத்திலேயே நின்று, சாட்சிக் கையெழுத்தும் போட்டாள்.

ரெண்டு வருஷம் சனிக்கிழமைகள் இப்படி இருந்தன.

அடுத்த புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அரியநாச்சி வெண்டைக்காய் வதக்கிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்தது. ரஞ்சனி இறங்கினாள். இறங்கியவள் ரோட்டைக் கடக்கவில்லை. கிணற்று மேட்டில் ஏறி, பழைய இடத்துக்கும் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நின்றாள். அரியநாச்சிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, போன வாரம் பேச்சுவாக்கில் மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டோமா என்று நினைத்தாள். எழுந்து ரெண்டு எட்டு முன்னால் போனாள். ரஞ்சனி கையை உயர்த்தி நிறுத்தினாள். அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வயித்துல இருக்கும்மா" என்று ரஞ்சனி கத்தினாள்.

தெருவில் கதவுகள் திறந்தன.

"எத்தனை நாளு?"

"அம்பது."

"போன வாரம் மடியில படுத்திருந்தியேடி."

"அப்பத் தெரியாது. நேத்துத்தான் தெரிஞ்சுது, நானேதான் டெஸ்ட் பண்ணினேன். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்க. துடிப்பு நல்லா இருக்காம்."

"நெசமாவா?"

"நெசமா."

அரியநாச்சி பின்னால் நடக்க ஆரம்பித்தாள். மகள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போனாள். அது பிறக்கவேண்டும், உட்காரவேண்டும், எழுந்து நிற்கவேண்டும், பள்ளிக்கூடம் போகவேண்டும், எலும்பெல்லாம் நீண்டு முடியவேண்டும், அதுவரை அதன் தலையில் தன் கை படாது என்பதும், அதற்குள் தனக்கு எழுபதை ஒட்டி வயசாகிவிடும் என்பதும் ஒவ்வொரு எட்டுக்கும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அழுகையும் வந்தது. வாசலைத் தாண்டி, வீட்டுப் பக்கத்து நேர்ச் சந்து வழியாகக் கொல்லை முனைவரை போய்விட்டாள்.

"இன்னும் தள்ளிப் போகவா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"வேணாம்மா, அங்கயே நில்லு" என்றாள் ரஞ்சனி. "இன்னும் போனா உன் மூஞ்சி தெரியாது."

அரியநாச்சி நின்றாள். சிட்டம்மாவும் பெரியதம்பியும் தெருவில் இருந்த மற்றவர்களும் ரெண்டு பேருக்கும் நடுவிலிருந்து விலகி, பார்வை மறைக்காமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தெருவெல்லாம் கேட்க, உரத்த குரலில், "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டாள்.